கொட்டாங்குச்சிக் கல்

ஜனவரி 12

அதான் சொல்றேன் தங்கம், போன்ல பேசறதுக்கு இது சரிப்படாது. நான் போனைக் காதுல வச்சாலே உங்கப்பா எங்கிருந்தாலும் எழுந்து வந்து பக்கத்துல உக்காந்துக்கறார். "யாரு, என் பொண்ணா? என்ன சொல்றா?"ன்னு என்கிட்டயே கேப்பாரே தவிர வாங்கிப் பேசமாட்டார். அதனால எழுதறேன். எழுத்து கோணலா இருந்தா பொறுத்துக்கோ, ஊர்ப் பள்ளிக்கூடத்துல படிச்ச கை இவ்ளோதான் வளையும்.

வேளாவேளைக்குச் சாப்பிடறியா? அந்த லேப்ல சிமெண்ட் தூசி மூக்குல போகாம துணி கட்டிக்கறியா? இங்க சாமி புண்ணியத்துல எல்லாரும் நடமாடிட்டிருக்கோம்.

எண்ணெய் மில்லுல சொல்லி ரெண்டு மூட்டை கொட்டாங்குச்சி அனுப்பினேனே, வந்துச்சா? மில்லுக்காரர் கேட்டார், "அடுப்புல போடறத வச்சு உங்க மருமக என்னம்மா பண்றா?"ன்னு. "ஜல்லிக்குப் பதிலா அதை உடைச்சுப் போட்டு சிமெண்ட் கல்லு செய்யறா, கனமில்லாத கல்லு"ன்னேன். "அப்ப காத்தடிச்சா சுவத்தைப் பிடிச்சுக்கணுமா?"ன்னு சிரிக்கறார். சிரிக்கட்டும், அவர் மூளைக்கு எட்டினது அவ்ளோதான்.

எனக்கு ஒரு விஷயம் தெரியணும். அந்தக் கல்லு ஒண்ணு எவ்ளோ கனம் இருக்கும்? ஒருத்தர் சிரமமில்லாம தூக்கிடலாமா? அதாவது, பலம் கொஞ்சம் கம்மியான ஒருத்தர்? நம்ம மாடியில ஒரு சாமி ரூம் கட்டலாம்னு இருக்கேன். பழைய தளம், சாதா கல்லு தாங்காதுன்னு உங்கப்பாவே சொல்லியிருக்கார். ஊருக்கெல்லாம் வீடு கட்டின கொத்தனார், தங்கச்சிக்கு ஒரு ரூம் கட்ட மாட்டாரா?

உங்கப்பா நல்லா இருக்கார். கையெல்லாம் நல்லாத்தான் இருக்கு.

சாமி உன் தலைமாட்டுலயே நிக்கட்டும்.

அத்தை

ஜனவரி 27

அன்புள்ள அத்தைக்கு,

மூட்டை வந்துச்சு. அதுல ஒரு உயிரோட இருக்கற பல்லியும் வந்துச்சு. அதுக்கு ஆராய்ச்சியில ஆர்வம் இல்ல போல, ஜன்னல் வழியா போயிடுச்சு. நான் நல்லா இருக்கேன், துணி கட்டிக்கறேன், சாப்பிடறேன்.

கனம் கேட்டீங்களே. சாதா சிமெண்ட் கல்லை விட நாலுல ஒரு பங்காவது குறையும். நடுவுல குழி விட்டு வார்த்தா இன்னும் குறையும். ஜல்லி அளவுக்கு உறுதி வராது, ஆனா ஒரு ரூம் சுவத்துக்கு தாராளமா போதும். அதுக்குத்தான் நான் இங்க மாசக்கணக்கா கல்லை வார்த்து, மெஷின்ல வச்சு நசுக்கிட்டிருக்கேன். எனக்குக் கைடா இருக்கற புரொபசர் சொல்றார், லேப்ல நசுக்கினது போதும், வெளிய நெஜமா ஒரு சுவரு கட்டிக் காட்டுன்னு.

ஆனா ஒரு சந்தேகம் அத்தை. முட்டி வலின்னு நீங்க மாடிப்படி பக்கமே போக மாட்டீங்களே. சாமி ரூம் மாடியில எதுக்கு? சாமி இறங்கி வருமா, நீங்க ஏறிப் போவீங்களா?

அப்புறம், அப்பா கையைப் பத்தி நான் கேக்கவே இல்லையே.

உங்க மருமக

பிப்ரவரி 8

தங்கம்,

உன் கடுதாசி வந்த அன்னைக்கு எனக்கு ஜலதோஷம். இப்ப தேவலாம். நீ நல்லா இருக்கேன்னு எழுதினதைப் படிச்சதுமே பாதி சரியாயிடுச்சு.

சாமிக்காக முட்டி வலிய பாக்க முடியுமா? மெதுவா ஏறிக்குவேன். சமையல் ரூம்ல, தாளிக்கற புகையில சாமி படம் எல்லாம் கறுத்துப் போச்சு. ஒரு சாமி யாருன்னே தெரியல, குத்துமதிப்பா கும்பிட்டுட்டிருக்கேன்.

பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா ரெண்டாவது மெஷின் வாங்கிட்டா. சத்தம் தாங்கல. எதிர்த்த வீட்டுல பெயிண்ட் அடிச்சிருக்காங்க, ஆஸ்பத்திரி மாதிரி ஒரு பச்சை. நம்ம தண்ணிக் குழாய் ஒழுகுது. உங்கப்பாகிட்ட சொல்லியிருக்கேன், செய்வார், இப்ப கொஞ்சம் வேலை அதிகம். காலையில டிபன் கேரியரைத் தூக்கிட்டுப் போனா சாயங்காலம்தான் வரார். சட்டையில ஒரு சொட்டு சிமெண்ட் இல்லாம அவ்ளோ சுத்தமா வேலை செய்யறார் இப்பல்லாம். துவைக்கற எனக்கு வேலை மிச்சம்.

கல்லை இன்னும் கொஞ்சம் சின்னதா வார்க்க முடியுமா? நெஞ்சு உசரத்துக்கு மேல சுவரு எழும்பும்போது தோளுக்கு மேல தூக்கி வைக்கணுமே, அதுக்குக் கேட்டேன். பொதுவாத்தான் கேட்டேன்.

விளக்கு ஏத்தற நேரமாச்சு. உடம்பைப் பாத்துக்கோ.

அத்தை

பிப்ரவரி 20

அத்தை,

கொத்தனார் சட்டையில சிமெண்ட் இல்லையா?

அப்பாவுக்கு என்ன ஆச்சு? வேற எதுவும் எழுத வேண்டாம், அதை மட்டும் எழுதுங்க. நான் நல்லா இருக்கேன்.

உங்க மருமக

மார்ச் 3

தங்கம்,

நீ இப்படி ஒத்தை வரியில எழுதினா எனக்குப் படபடன்னு வருது. முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், பயப்படற மாதிரி எதுவும் இல்ல. தண்ணி குடிச்சிட்டுப் படி.

உங்கப்பா என்னை விளக்கு முன்னாடி நிறுத்தி சத்தியம் வாங்கிட்டார், "என் பொண்ணுகிட்ட வாயைத் திறக்கக்கூடாது"ன்னு. அதை வச்சுத்தான் இவ்ளோ நாள் சுத்திச் சுத்தி வந்தேன். நேத்து கோயில்ல உக்காந்து யோசிச்சுப் பாத்தேன். வாயைத் திறக்கக்கூடாதுன்னுதான் சத்தியம். எழுதறதுக்கு வாய் எதுக்கு? நான் இப்ப வாயை மூடிக்கிட்டுத்தான் எழுதிட்டிருக்கேன். சாமிக்கு இது புரியும், உங்கப்பாவுக்குத்தான் புரியாது.

வலது தோள்ல தசைநார் கிழிஞ்சிருக்காம். போன மழைக்காலம் முடிஞ்சதும், சாரத்துல நின்னுட்டு ஒரு கல்லைத் தூக்கி வைக்கும்போது பிடிச்சுக்கிச்சு. டாக்டர் மாத்திரை கொடுத்து, கையை எப்படி எப்படி அசைக்கணும்னு சொல்லிக் கொடுத்தார். இப்ப சோறு சாப்பிடறார், தலை வாரிக்கறார், சின்னச் சின்ன கனம் தூக்கலாம். ஆனா அந்தப் பழைய கல்லு மட்டும் இனி ஆகாதுன்னுட்டார். கல்லு தூக்காத கொத்தனாரை யாரு கூப்பிடுவாங்க? கூட வேலை பாத்தவங்க கொஞ்ச நாள் "அண்ணே, நீங்க சும்மா நின்னு பாத்துக்கோங்க"ன்னாங்க. சும்மா நின்னு பாக்கறது அவருக்கு ஆகலை. ஒருநாள் பாதியில வந்துட்டார்.

வேலை இல்லன்னு தெரு ஜனங்களுக்குத் தெரியக்கூடாதாம். காலையில குளிச்சு, கேரியரைத் தூக்கிட்டுக் கிளம்பிப் போய் பஸ் ஸ்டாண்டு பெஞ்சுல உக்காந்துக்கறார். தையல்காரம்மா பாத்துட்டு வந்து, "உங்கண்ணன் ஊருக்குப் போறாரா?"ன்னா. "ஆமா, ஆமா"ன்னேன். மறுநாளும் பாத்திருக்கா. "இன்னும் பஸ் வரலையா?"ன்னு கேக்கறா, பாவி.

சாமி ரூமெல்லாம் எனக்கு வேண்டாம்டி. கறுத்த சாமியே எனக்குப் போதும். அவர் தூக்கற மாதிரி ஒரு கல்லு இருந்தா, ஒரு சுவரு கட்டினா, அவர் மறுபடி கொத்தனாரு. அவ்ளோதான் என் வேண்டுதல்.

அவருக்குத் தெரிய வேண்டாம். நல்லா சாப்பிடு.

அத்தை

ஏப்ரல் 2

அன்புள்ள அத்தைக்கு,

பதில் தாமதம், மன்னிச்சிடுங்க. எழுதி எழுதிக் கிழிச்சேன். உடனே கிளம்பி வரலாம்னு பையைக்கூட எடுத்தேன். வந்தா எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அப்பாவுக்குத் தெரிஞ்சிடும், அப்புறம் அந்த பெஞ்சுல கூட நிம்மதியா உக்கார மாட்டார். அதனால வரல.

அப்பாகிட்ட இப்படிச் சொல்லுங்க: "உன் பொண்ணு படிப்புக்கு வெளிய ஒரு சுவரு கட்டிக் காட்டணுமாம், வேற கொத்தனாரை நம்ப மாட்டேங்கறா." இது பொய்யில்ல, நெஜமாவே எனக்கு வேணும். சத்தியத்துக்கு ஒண்ணும் ஆகாது.

கல்லு வார்க்கற முறை சொல்றேன். கொட்டாங்குச்சியில நார் இல்லாம சுரண்டி, கட்டைவிரல் நகம் அளவுக்கு உடைக்கணும். ஒருநாள் பூரா தண்ணியில ஊறணும், இல்லன்னா அது கலவையில இருக்கற தண்ணிய உறிஞ்சிடும். ஊறின தண்ணிய வடிச்சுக் கொட்டிட்டு, மேல் ஈரம் காஞ்சதும் சிமெண்ட், மணலோட சேர்க்கணும். அளவு தனித் தாள்ல எழுதி வச்சிருக்கேன், கல்லு வார்க்கறவர்கிட்ட குடுங்க. வார்த்த அப்புறம் ஈரச் சாக்கு போட்டு மூடி வைக்கணும்.

அப்பா மாத்திரை ஒழுங்கா சாப்பிடறாரா? உங்க முட்டியையும் பாத்துக்கோங்க.

உங்க மருமக

மே 6

தங்கம்,

நீ எப்படி இருக்கே? நாங்க இருக்கோம். எப்படின்னு எழுதத்தான் தெரியல.

கல்லு வார்த்தாச்சு. மொட்டைதான் வார்த்தான், கடைத்தெரு முனையில சிமெண்ட் கல்லு வார்த்து அடுக்கி வச்சிருப்பானே, அவன். தலை பூரா முடி, ஏன் மொட்டைன்னு பேரு வந்துச்சோ. உங்கப்பா அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுக்குப் போகல. "சும்மா பாத்துட்டுப் போறேன்"னு வந்து நின்னார். கொட்டாங்குச்சிய அள்ளிப் பாத்து, "இதுல பாதி சட்னிக்கு ஆகும், பாதி சுவத்துக்கு ஆகும்"னார். மொட்டை கலவையில தண்ணி கூட ஊத்தப் போனப்ப, "டேய், என் பொண்ணு எழுதின அளவு அந்தத் தாள்ல இருக்கு, கண்ணு தெரியலையா"ன்னு ஒரு அதட்டல். எத்தனை மாசத்துக்கு அப்புறம் அந்தக் குரல் கேட்டேன் தெரியுமா? நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

ஒரு வாரம் ஈரச் சாக்கு போட்டு, அப்புறம் வண்டியில ஏத்தி நம்ம வாசல்ல இறக்கினான். ஒண்ணு ரெண்டு மூலை உதிர்ந்துச்சு, புதுக் கல்லு அப்படித்தான்னு நெனச்சோம். உங்கப்பா சுத்துமுத்தும் பாத்துட்டு, வலது கையால ஒரு கல்லைத் தூக்கினார். இடுப்பு வரைக்கும் வந்துச்சு. சுலபமா வந்துச்சுடி, நானே பாத்தேன். அடுத்த நிமிஷம் கீழ விழுந்து தூள் தூளாப் போச்சு.

அவர் கல்லைப் பாக்கல. கையைப் பாத்தார். "விட்டுட்டேன்"னார்.

மொட்டை ஓடி வந்து இன்னொரு கல்லை எடுத்து அமுக்கினான், அதுவும் பொலபொலன்னு கொட்டிச்சு. "அண்ணே, கல்லுதான் சரியா இறுகல, உங்க கை இல்ல"ன்னான். உங்கப்பா என்ன சொன்னார் தெரியுமா? "என் பொண்ணு படிச்சு, அளந்து எழுதிக் குடுத்தது. அது தப்பா இருக்காது. எனக்காகப் பொய் சொல்லாதடா. என் கைதான் தப்பு."

மறுநாள் கேரியர் கூட எடுக்கல. சுவரைப் பாத்துப் படுத்திருக்கார். சாப்பாடு போட்டா சாப்பிடறார், அவ்ளோதான்.

உடைஞ்ச துண்டு ஒண்ணை இதோட பார்சல்ல வச்சிருக்கேன். நீதான் பாத்துச் சொல்லணும். தப்பு உன் கணக்குல இருந்தாலும் பரவாயில்ல, சொல்லிடு. அவர் கையில இல்லன்னு மட்டும் தெரிஞ்சா போதும்.

அத்தை

ஜூன் 1

அத்தை,

நல்லா இருக்கேன், கவலைப்படாதீங்க. அப்பா சொன்னதைப் படிச்சிட்டு ரெண்டு நாள் லேபுக்குப் போகல. அப்புறம் போய் அதே அளவுல மறுபடி வார்த்துப் பாத்தேன். நல்லா இறுகுது. என் கணக்குல தப்பு இல்ல. ஆனா நீங்க அனுப்பின துண்டு விரல்ல தேய்ச்சாலே பொடியாகுது. கலவையில வேற ஏதோ சேர்ந்திருக்கு.

எந்தத் தண்ணி? எந்த டிரம்? கொட்டாங்குச்சியில எண்ணெய்ப் பிசுக்கு இருந்துச்சா? சின்ன விஷயம்னு எதையும் விட வேண்டாம். கேட்டதுக்கு மட்டும் பதில் எழுதுங்க அத்தை, எதிர்த்த வீட்டுப் பெயிண்ட் வேண்டாம்.

உங்க மருமக

ஜூன் 10

தங்கம்,

கேட்டதுக்கு மட்டும் எழுதுன்னு என்கிட்ட சொல்ற முதல் ஆள் நீதான். சரி.

தண்ணி குழாய்த் தண்ணி, நாம குடிக்கறது. டிரம்மு மொட்டையோட நீல டிரம்மு, நானே தேய்ச்சுக் கழுவினேன். பிசுக்கு இல்ல, எண்ணெய் எடுக்கறதுக்கு முன்னாடியே கொட்டாங்குச்சியத் தனியா உடைச்சுப் போடறாங்க. சிமெண்ட் புது மூட்டை. மணல் சலிச்சது.

வேற ஒண்ணும் சேர்க்கல. ஊறப்போடும்போது நான் எது ஆரம்பிச்சாலும் செய்யறதைச் செஞ்சேன், அது கணக்குல வராது. நல்ல காரியம் இனிப்புல தொடங்கினா இனிப்பா முடியும்னு எனக்கொரு நெனப்பு. யாரும் சொல்லிக் குடுத்ததில்ல, நானா வச்சுக்கிட்டது. நீ காலேஜ் சேர்ந்த அன்னைக்கு உன் பெட்டி மூலையில சர்க்கரை போட்டு, எறும்பு வந்து நீ திட்டினியே. அந்த மாதிரி ரெண்டு அச்சு வெல்லத்தைக் கரைச்சு டிரம்முல ஊத்தி, "சாமி, இந்தக் கல்லு என் அண்ணன் கையில நிக்கட்டும்"னு வேண்டிக்கிட்டேன். அந்தத் தண்ணிய வடிச்சுக் கொட்டச் சொல்லியிருந்தே. சாமி பேரைச் சொல்லி வச்ச தண்ணிய கால் படற இடத்துல கொட்ட மனசு வரல. கலவைக்கும் அதையே ஊத்தச் சொன்னேன், அளவு மாறாம.

மத்தபடி எல்லாம் நீ சொன்ன மாதிரிதான். உங்கப்பா அப்படியேதான் இருக்கார். நீ உடம்பைப் பாத்துக்கோ.

அத்தை

ஜூன் 19

என் அன்பான, அருமையான அத்தைக்கு,

லேப்ல சத்தமா சிரிச்சிட்டேன். அப்புறம் அழுதேன். எல்லாரும் எனக்குக் காய்ச்சல்னு நெனச்சாங்க.

சிமெண்ட்டுக்கு இனிப்பு ஆகாது அத்தை. ஒரு கை சர்க்கரை விழுந்தாலே இறுகறதை நிறுத்திடும். கலவை லாரி வழியில நின்னுபோனா உள்ள இறுகிடாம இருக்க சர்க்கரை மூட்டையைக் கொட்டறதே உண்டு. நீங்க ரெண்டு அச்சு வெல்லம் போட்டிருக்கீங்க.

கல்லும் நல்ல கல்லு. கையும் நல்ல கை. மறுபடி வார்த்துப் பாருங்க. சாமியைத் தாராளமா வேண்டிக்கோங்க, டிரம்முக்கு வெளிய நின்னு.

அப்பாகிட்ட நீங்களே சொல்லணும். நான் சொன்னா, அவரைத் தேத்தறதுக்காகக் கதை கட்டறேன்னு நெனைப்பார். நீங்க சொன்னா நம்புவார். இப்படி ஒரு காரியத்தை வேற யாரும் கற்பனை கூட பண்ண முடியாது.

உங்க மருமக

ஆகஸ்ட் 14

தங்கம்,

கோபிச்சுக்காத, ரொம்ப நாளாச்சு. நல்ல சேதியோட எழுதலாம்னு காத்திருந்தேன். அது வர மாதிரி தெரியல, அதான் இருக்கறதை எழுதறேன். உனக்கு உடம்பு சௌக்கியம்தானே? ராத்திரி முழிச்சுப் படிக்காத.

உன் கடுதாசி வந்த அன்னைக்கே போய் உங்கப்பா முன்னாடி நின்னேன். "அண்ணே, வெல்லம் போட்டேன்"னேன்.

"எதுல?"

"கல்லுல."

எழுந்து உக்காந்தார். எல்லாத்தையும் சொன்னேன். என்னையே பாத்துட்டிருந்தார். அப்புறம், "ஏன், முந்திரி போடலையா?"ன்னார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டார், முதுகு மட்டும் குலுங்குச்சு. அந்தத் தோள் வலிச்சிருக்கும் போல, பிடிச்சுக்கிட்டே குலுங்கினார். அன்னைக்கு ரெண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுபடி வார்த்தோம். மொட்டை என்னை டிரம்மு பக்கமே விடல, "அம்மா, நீங்க அந்த மரத்தடியில நின்னு கும்பிடுங்க"ன்னுட்டான். போன மாசக் கடைசியில கல்லு வந்திடுச்சு. தட்டினா மண்பானை மாதிரி கணீர்னு சத்தம். மொட்டை ஒண்ணு மேல ஏறிக் குதிச்சே காட்டினான். சிமெண்ட்டு, மணலு, கல்லு எல்லாத்தையும் ஆளை வச்சு மாடியில ஏத்தி வச்சாச்சு.

அங்கதான் நிக்குது எல்லாம். உங்கப்பா தொடல. "வெயில் குறையட்டும்"னார். குறைஞ்சுது. "மழை வருமான்னு பாக்கறேன்"னார். வரல. நான் ரெண்டு நாள் கத்திப் பாத்தேன், நாலு நாள் பேசாம இருந்து பாத்தேன். பேசாம இருந்ததுல எனக்குத்தான் காய்ச்சல் வர மாதிரி ஆயிடுச்சு. நேத்து நேரா கேட்டேன், "கல்லுதான் நல்லா இருக்கே, இன்னும் என்ன?"ன்னு. "அதான் நல்லா இருக்கே"ன்னார்.

எனக்கு அப்புறம்தான் புரிஞ்சுது. முன்ன விழுந்தது வெல்லத்தால. இனிமே விழுந்தா பழி போட ஒண்ணும் இல்ல, கை மட்டும்தான். அதைத் தூக்கிப் பாக்காத வரைக்கும் தெரியாம இருக்கலாமில்ல. பாவம்டி. அதட்ட வாய் வரல எனக்கு. நானும் விட்டுட்டேன். கல்லு மாடியிலயே கிடக்கட்டும், மழையில நனைஞ்சா அதுக்கென்ன.

உன் படிப்புக்கு சுவரு வேணும்னா அங்கயே வேற யாரையாவது வச்சுக் கட்டிக்கோ தங்கம். அவரைக் குறை நெனைக்காத. லீவு கிடைச்சா வா. வரும்போது ஒண்ணும் வாங்கிட்டு வராத, நீ வந்தா போதும். இன்னைக்கு உன் பேருல விளக்கு வச்சிருக்கேன். சாமி உன்னையும் பாக்கட்டும், மாடிப்படிக்குக் கீழ நிக்கற அவரையும் பாக்கட்டும்.

அத்தை

கடுதாசியை மடிக்கும்போதுதான் ஞாபகம் வருது. காலையில துணி அலசக் குழாயடிக்குப் போனேன், துவைக்கற கல்லு மேல உங்கப்பாவோட கொத்தனார் கரண்டி கழுவிக் கவுத்து வச்சிருந்துச்சு. சோப்பு வைக்க இடமில்லையேன்னு எடுத்து ஓரமா வச்சுட்டு என் வேலையைப் பாத்தேன். இன்னும் ஈரம் சொட்டிட்டிருந்துச்சு. பிடியோரத்துல ஒரு கொட்டாங்குச்சிச் சில்லு சிமெண்ட்டோட ஒட்டியிருந்துச்சு, அதை நகத்தால கிள்ளிப் போட்டேன்.